பேத்தி கல்யாணத்துக்கு எந்த வீடு?

பேத்திக்குத் தை மாதத்தில் கல்யாணம். மண்டபம் வேண்டாமாம். பழைய மாளிகை ஓட்டல் ஒன்றில் வெள்ளி முதல் ஞாயிறு வரை தங்கி நடத்த வேண்டுமாம். "தாத்தா, நீங்கதான் பிரெஞ்சு படிச்சவர், நீங்களே வீட்டைப் பாத்துச் சொல்லுங்க" என்று என்னிடம் விட்டுவிட்டாள்.

அவள் மனதில் இருந்தது ரொமேன் ரொலான் வீதியில் உள்ள ஓத்தெல் தெ லொரியான். பிரெஞ்சுக் காலத்தில் அது கல்வித் துறை அலுவலகம். ‘அன்ஸ்த்ருக்சியோன் புப்ளிக்’ என்று நாங்கள் சொல்வோம். கொடி மாறுவதற்கு முன் என் அப்பா ஒரு சான்றிதழுக்காக அங்கே போனவர். பக்கத்து வீட்டுக்காரரின் சப்பாத்தை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனாராம். அளவு பெரிதென்பதால் முன்னால் துணி அடைத்திருந்தாராம். இதைச் சொன்னதும் அங்கேதான் நடத்த வேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம் கூடிவிட்டது. சொல்லாமலே இருந்திருக்கலாம்!

வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள வீடுகளின் வயதைக் கொஞ்சம் பார்த்துத்தான் நம்ப வேண்டும். 1761-ல் ஆங்கிலேயர் கோட்டையையும் ஊரையும் இடித்துத் தள்ளினார்கள். 1765-ல் திரும்பக் கிடைத்த பிறகு லா தெ லொரிஸ்தோன் காலத்தில்தான் மறுபடி கட்டத் தொடங்கினார்கள். அந்த இடிபாட்டுக்கும் தப்பி நின்றது மேற்கே, தமிழர் பக்கத்தில் இருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளை வீடு. 1738 வாக்கில் கட்டியது. கீழே நம்மூர் மரத்தூண்கள், மேலே வெள்ளைக்காரர் பாணியில் சுதைத் தூண்கள்.

கல்யாணத்துக்கு முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. துரைமார் வீட்டுக்கு உயர்ந்த மதிலும் பெரிய கதவும் இருக்கும். வீதியைப் பார்க்காமல் தோட்டத்தைப் பார்த்தபடி தூண் வைத்த வராந்தா இருக்கும். தமிழ் வீடு வீதியைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். தாழ்வாரம் வழிப்போக்கருக்கு நிழல், திண்ணை வந்தவர்களுக்கு இருக்கை. உள்ளே முற்றம். அதைச் சுற்றி நான்கு பக்கமும் பந்தி போடலாம். எங்கள் தலைமுறையில் பலருக்குத் தாலி கட்டியது இப்படிப்பட்ட முற்றத்தில்தான். வில்லியனூரிலிருந்து பஸ்ஸில் வரும் என் அக்கா மதில் சுவருக்கு வெளியே நின்று கதவைத் தட்டுவாளா?

இன்னொன்று, பாரம். கடற்கரையில் இருந்த பழைய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்ததை நாமெல்லாம் பார்த்தோம். மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெத்தை பழைய மெத்தை. அதன் மேல் நூறு பேரை ஏற்றி ஆடவிட எனக்குத் துணிவில்லை. எந்த ஓட்டல் ஆனாலும், மாடியில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். குமாஸ்தா புத்தி, போகாது.

கடைசியில் பெருமாள் கோயில் தெருவில் ஒரு செட்டியார் வீட்டைச் செப்பனிட்டு நடத்தும் மேசோன் பெருமாளுக்கு அவளைக் கூட்டிப்போனேன். அறைகள் குறைவுதான். உறவினரில் பாதிப் பேர் எங்கள் வீட்டிலும் அண்டை அயலிலும்தான் படுக்க வேண்டும். அவள் முற்றத்தில் நின்று மேலே வானத்தைப் பார்த்தாள். பிறகு, "மணவறை இங்க வச்சா வெயில் எத்தனை மணிக்கு வரும் தாத்தா?" என்றாள்.

முகூர்த்தம் அங்கே. வெள்ளிக்கிழமை இரவு நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும் லொரியானில் சாப்பாடு. அதற்கு நான் புது சப்பாத்து வாங்கியிருக்கிறேன், சரியான அளவில்.