ஆமோஸ் ஏழை மேய்ப்பரா?

ஆமோஸ் தீர்க்கதரிசியைக் குறித்துப் பிரசங்கிக்கும்போது, நாம் பெரும்பாலும் அவரைக் கூலிக்கு ஆடு மேய்த்த ஏழையாகவே சபையாருக்கு முன் நிறுத்துகிறோம். காட்டத்திப் பழம் பொறுக்கிப் பிழைத்தவர் பட்டணத்துச் செல்வரைக் கடிந்துகொண்டார் என்பது கேட்பதற்கு உருக்கமானதே. நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே பிரசங்கித்ததுண்டு. எபிரெய மூலம் அதற்கு இடங்கொடுக்கிறதா என்பதே கேள்வி.

முதல் வசனத்தில் அவர் தொழிலைக் குறிக்கும் சொல் 'நோக்கேத்' என்பது. பழைய ஏற்பாட்டில் இச்சொல் இன்னும் ஓரிடத்தில் மாத்திரமே வருகிறது (2 இராஜாக்கள் 3:4). அங்கே அது மோவாபின் ராஜாவாகிய மேசாவைக் குறிக்கிறது. இலட்சம் ஆட்டுக்குட்டிகளை இஸ்ரவேலுக்குத் திறை செலுத்தியவனைக் கூலி மேய்ப்பன் என்று எவரும் சொல்லார். மந்தைகளை உடையவர் என்று பொருள் கொள்வதே தகும்.

காட்டத்தியின் காரியமும் அப்படியே. தெக்கோவா எருசலேமுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், 800 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. குளிர் தாங்காத அம்மரம் அங்கே வளராது. தாழ்வான நிலங்களிலேயே மிகுதியாக வளரும் (1 இராஜாக்கள் 10:27). 7:14இல் வரும் எபிரெய வினைச்சொல் வேறெங்கும் இல்லை. கிரேக்க செப்டுவஜிந்த் அதனைப் பழத்தைக் கீறுதல் என்று பெயர்த்தது. இப்பழம் கீறப்பட்டாலன்றிப் பழுக்காது என்று தியோபிராஸ்துவும் எழுதியுள்ளார். ஆகவே உதிர்ந்ததைப் பொறுக்குவதன்று, பயிர்த்தொழில் இது. இதைக்கொண்டு மாத்திரம் அவரைச் செல்வரென்று சாதிக்க இயலாது; எனினும் சொந்தப் பிழைப்பு உள்ளவர் என்பது விளங்கும்.

இரண்டாம் யெரொபெயாமின் ஆட்சி (ஏறத்தாழ கி.மு. 786–746) வடநாட்டிற்குச் செழிப்பின் காலம். தமஸ்கு அசீரியரால் தளர்ந்திருந்தது, எல்லைகள் விரிந்தன. சமாரியாவில் 1910இல் கிடைத்த எழுத்துப் பொறித்த ஓட்டுச் சில்லுகள், அரண்மனைக்கு வந்த எண்ணெய்க்கும் திராட்சரசத்திற்கும் கணக்காயிருக்கின்றன. 1930களில் அங்கே தந்தச் செதுக்கல்களும் வெளிப்பட்டன. தந்தக் கட்டில்களைக் குறித்து ஆமோஸ் சொன்னது வெறும் அலங்காரப் பேச்சன்று.

இனி பெத்தேலுக்கு வருவோம். ஆசாரியனாகிய அமத்சியா ஆமோஸைப் பார்த்து, யூதாவுக்கு ஓடிப்போய் அங்கே தீர்க்கதரிசனம் சொல்லி அப்பம் தின்னச் சொன்னான். வார்த்தையைக் கூலிக்கு விற்பவர் என்பதே குற்றச்சாட்டு. இதற்கு மறுமொழியாகவே ஆமோஸ் தம் மந்தையையும் மரங்களையும் எடுத்துச் சொல்கிறார். தாம் ஏழை என்று இரக்கம் தேடவில்லை. அப்பத்திற்காகப் பேச வரவில்லை என்கிறார். அவ்வாக்கியம் 'அல்ல' என்கிறதா, 'அல்லாதிருந்தேன்' என்கிறதா என்று அறிஞர் வழக்காடுவர். எபிரெயுவில் அங்கே வினை இல்லை. தமிழில் நாம் வினையின்றியே அதைச் சொல்லக் கூடும்!

பிரசங்க பீடத்தில் நாம் ஆமோஸின் பக்கம் நின்றுகொள்வது எளிது. ஆனால் நியமனம் பெற்று, ஆலயத்தைக் காத்து, மேலிடத்திற்கு அறிக்கை எழுதி, சம்பளம் வாங்கியவன் அமத்சியாவே. தொழிலளவில் நமக்கு அவனே நெருங்கிய உறவினன். அவன் அறிக்கையையும் கவனிக்க வேண்டும். பட்டயம் யெரொபெயாமின் வீட்டாருக்கு விரோதமாக வரும் என்பதே ஆமோஸின் வாக்கு (7:9). ராஜாவே பட்டயத்தால் சாவான் என்று அமத்சியா எழுதியனுப்பினான் (7:11). ஒரு சொல் குறைந்தது, தீர்க்கதரிசனம் ராஜதுரோகமாயிற்று. யெரொபெயாம் கொலையுண்டதாக வேதம் கூறவில்லை. ஆறு மாதம் ஆண்ட அவன் குமாரன் சகரியாவையே சல்லூம் வெட்டிக்கொன்றான்.

அமத்சியாவுக்கு ராஜா என்ன உத்தரவு அனுப்பினான் என்பது எழுதப்படவில்லை. ஆமோஸ் தெக்கோவாவுக்குத் திரும்பினாரா என்பதும் இல்லை. நூலின் முகப்பில் ஒரு காலக் குறிப்பு மாத்திரம் உண்டு: பூமியதிர்ச்சிக்கு இரண்டு வருஷம் முன்னே. ஆத்சோரில் யாதீன் 1950களில் அகழ்ந்தபோது, அந்நூற்றாண்டின் வீட்டுச் சுவர்கள் சாய்ந்து கிடக்கக் கண்டார்.