கூண்டின் உச்சியில் இருந்து: ஸ்னூக்கா முதல் ஃபோலி வரை

"றெஸ்லிங் எல்லாம் பொய்" எண்டு சொல்றவைக்குக் காட்ட, ரசிகர்கள் எல்லாரும் கையில வச்சிருக்கிற மட்ச் ஒண்டு இருக்கு. 1998 ஜூன் 28, அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் அண்டர்டேக்கரும் மான்கைண்டும் மோதிய 'ஹெல் இன் எ செல்'. ஆனால் அதன் கதை 15 வருசத்துக்கு முந்தியே தொடங்கிவிட்டது.

1983 ஒக்டோபர் 17, நியூயோர்க், மடிசன் ஸ்குயார் கார்டன். ஜிம்மி ஸ்னூக்காவும் டொன் முராக்கோவும் கூண்டுக்குள். அந்தக் கூண்டுக்குக் கூரை இல்லை. முதலில் வெளியே வருபவருக்கு வெற்றி. ஸ்னூக்கா அடித்த அடியில் முராக்கோ கதவு வழியாக வெளியே விழ, அடி வாங்கினவரே வென்றார்! ஸ்னூக்கா விடவில்லை. அவரைத் திரும்ப உள்ளே இழுத்துப் போட்டு, கூண்டின் உச்சியில் ஏறி நின்று பாய்ந்தார். தோற்றவரின் அந்தப் பாய்ச்சல்தான் இண்டைக்கும் ஞாபகத்தில நிக்குது. அதைப் பார்க்கவெண்டே வழியில் வாகனங்களை மறித்து ஏறி வந்திருந்தான் ஒரு கல்லூரி மாணவன். பெயர் மிக் ஃபோலி.

அவர்தான் பிறகு மான்கைண்ட். 1998 மட்ச் தொடங்கியதே கூண்டின் கூரையில். சுமார் 16 அடி உயரத்திலிருந்து அண்டர்டேக்கர் தள்ளிவிட, வர்ணனையாளர் மேசை நொறுங்கியது. இது இருவரும் முன்பே பேசி வைத்தது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோன ஃபோலி இறங்கி வந்து, திரும்பவும் ஏறினார். அடுத்தது யாரும் எதிர்பாராதது: சோக்ஸ்லாம் விழுந்த வேகத்தில் கூரை வலை பிய்ந்து, ரிங்குக்குள்ளே போய் விழுந்தார். கூடவே வந்த கதிரை முகத்தில் பட்டுப் பல் உடைந்தது, நினைவு தப்பியது. அதுக்குப் பிறகும் எழும்பி, குத்தூசிகளுக்கு மேல் விழுந்துதான் தோற்றார்.

மட்ச் எண்டு பாத்தா இது பெரிசாக் கட்டமைக்கப்பட்டதில்லை. இரண்டு வீழ்ச்சிகளுக்கு நடுவில் ஒரு மனுசன் தடுமாறுறதைத்தான் பார்க்கிறோம். முடிவு எழுதி வைத்தது, உடைஞ்ச பல்லு நிஜம். அந்த உடம்பின் கணக்கை ஆர் பாக்கிறது? அமெரிக்காவின் பெரிய றெஸ்லிங் கம்பனி தன் வீரர்களை ஊழியர்களாகக் கணக்கெடுப்பதில்லை. அவர்கள் சுயாதீன ஒப்பந்தக்காரர்கள்.

மட்ச் முடிந்ததும் முதலாளி வின்ஸ் மக்மான் நன்றி சொல்லி, இனி இப்படி ஒண்டு செய்யவே கூடாது எண்டாராம்; ஃபோலியே சொன்னது. ஆனால் அந்த வீழ்ச்சியை விளம்பரங்களில் திரும்பத் திரும்பக் காட்டியதும் அதே கம்பனிதான். 2009இல் அந்தக் கூண்டின் பெயரிலேயே வருடாந்த நிகழ்ச்சியையும் தொடங்கினார்கள். ஸ்னூக்காவைப் பார்த்து ஃபோலி ஏறினார். ஃபோலியைப் பார்த்து வந்த பொடியங்கள் எவ்வளவு உயரத்துக்கு ஏறவேணும்?