துணி மூட்டைக்குப் பின்னால் வந்த தலைவர்

முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்துக்குள் வெளியாள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்குதான். ஆனால் துணி வியாபாரிகளுக்குத் தடையில்லை. அப்படியொரு வியாபாரியின் உதவியாளாக வேடமிட்டு, தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்குள் நுழைந்தார் கோ. நடேசய்யர். 1887இல் தஞ்சைச் சீமையில் பிறந்தவர், பத்திரிகைக்காரர். விலை பேசும் சாக்கில் தொழிலாளர்களின் பாடுகளைக் கேட்டறிந்து, வெளியே வந்து எழுதினார்.

அவர் கண்டது கடனின் ஆட்சி. தமிழகத்துக் கிராமங்களில் ஆள் பிடித்த கங்காணி, வழிச்செலவையும் முன்பணத்தையும் தொழிலாளியின் கணக்கில் எழுதிவைப்பார். தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் ‘துண்டு’ வேண்டும்: இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் பணத்தைக் கட்டும். கடன் மட்டும் தீராமல் அவர் பின்னாலேயே வரும். விடியலில் வேலைக்கு ஆள் எண்ணும் பிரட்டுக்களத்தில் நின்று மலையேறி, மாலையில் கொழுந்தின் எடை குறைந்தால் ‘அரைப்பேர்’தான் விழும், அதாவது பாதி நாள் கூலி. துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. கங்காணியின் பிடி அதோடு ஒழியவில்லை.

பேனாவால் மட்டும் ஆகிற காரியமல்ல என்று நடேசய்யருக்குத் தெரிந்திருந்தது. 1924இல் கொழும்பில் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கினார். ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் சேர்ந்து அதன் துணைத் தலைவராகவும் இருந்தார். சட்டசபையிலும் தோட்டத் தொழிலாளருக்காகப் பேசினார். ஆனால் குணசிங்காவின் பேச்சில் இந்தியத் தொழிலாளர் மீதான எதிர்ப்பு ஏறத் தொடங்கியதும், 1920களின் கடைசியில் இருவரும் பிரிந்தார்கள்.

நடேசய்யர் தலைநகரத்தை விட்டு மலைக்குப் போனார்.

1931இல் ஹட்டனை மையமாக வைத்து இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தை நிறுவினார். நேரம் மிக மோசம். மலைநாட்டில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று வகுக்கப்பட்டிருந்த குறைந்தபட்சக் கூலி, உலகப் பொருளாதார மந்தத்தில் வெட்டுப்பட்டது. வெட்டை எதிர்த்துப் பேசத் தோட்டத்துக்குள் இடமில்லை, கூட்டம் நகரத்தில்தான். வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது.

அங்கேதான் அவர் மனைவி மீனாட்சியம்மாளின் பங்கு பெரிது. கணவர் பேசுவதற்கு முன் அவர் மேடையேறிப் பாடுவார். பாரதியார் பாடல்களையும், தொழிலாளரின் நிலையைச் சொல்லும் தம் சொந்தப் பாடல்களையும் பாடினார். பாட்டு லயத்துக்குள் போவதை எந்தத் துரையாலும் தடுக்க முடியவில்லை. அவருடைய பாடல்கள் அச்சேறி 1940இல் சிறு நூலாகவும் வந்தன. நடேசய்யரோ தொழிலாளர் சட்டங்களைத் தமிழில் எளிமையாக எழுதி வெளியிட்டார்.

1931இல் வந்த சர்வசன வாக்குரிமை இன்னொரு வழியைத் திறந்தது. 1936 தேர்தலில் ஹட்டன் தொகுதி நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. 1947 வரை அங்கே இருந்தார். ஆனால் வெளியே காற்று திசை மாறியது. 1939இல் நேரு வந்துபோனதும் இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவானது. அடுத்த ஆண்டே அதன் தொழிற்சங்கமும் பிறந்தது. கங்காணிக் குடும்பத்தாரும் வணிகரும் துணைநின்ற அந்த அமைப்பின் வளர்ச்சிக்கு முன் நடேசய்யரின் சம்மேளனம் தேய்ந்தது. பெரிய கங்காணிமாரைத் தொடக்கத்திலிருந்தே பகைத்துக்கொண்டவருக்கு அவர்களிடமிருந்து ஆதரவு எங்கிருந்து வரும்?

1947 நவம்பரில் அவர் காலமானார். மறு ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது, வாக்கும் போயிற்று. தோட்டத் தொழிலாளர் தலைவர் ஒருவர் மறுபடி தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போக, 1977இல் நுவரெலியாவில் தொண்டமான் ஜெயிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.