பொன்மணியில் எஞ்சிய ஊர்

தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த 'பொன்மணி' 1977 இல் திரைக்கு வந்தபோது, தென்னிந்தியப் படங்களில் ஊறிய எம்மவரிடம் எடுபடவில்லை. காவலூர் இராசதுரை எழுதிய அக்கதையில் சாகச நாயகன் இல்லை. சீதனமின்றிக் காத்திருக்கும் தமக்கையும், சாதி கடந்து காதலித்த தங்கையுமே உண்டு.

1983 யூலையில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. பல படங்களின் நெகட்டிவ்கள் சாம்பலாயின. பொன்மணி எஞ்சியது. அன்று இழுவையாகத் தோன்றிய நிதானமே இன்று அதன் பெறுமதி. கமெரா அவசரப்படாததால்தான் போருக்கு முந்திய ஊர் அதில் பதிவாயிற்று.

ஊரைத் தேடி அதைப் பார்ப்போர் அந்த வீட்டின் மௌனத்தையும் பார்க்கவேண்டும். நாம் இழந்தது குற்றமற்றதோர் ஊரல்ல. சீதனமும் சாதியும் எம்மோடு விமானமேறி வந்துவிட்டன. இதைக் காட்டித்தந்தவர் ஒரு சிங்களக் கலைஞர் என்பதும் மறத்தற்குரியதல்ல.