கடல் மீட்பு வீரமும் அதன் சமூக அடிப்படையும்

வீரம் தனிமனிதரின் பிறவிக்குணம் என்னும் கருத்து நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. ஆயின் அது எவருக்காக, எத்தகைய சமூக உறவுகளிடையே வெளிப்படுகின்றது என்று வினவும்பொழுதே அதன் வரலாற்று உள்ளடக்கம் புலனாகும். சங்கச் சான்றோர் போற்றிய வீரம் பெரும்பாலும் போர்க்களத்துக்குரியது; தலைவனின் புகழோடு பிணைந்தது. நமது காலத்திலோ, பிறரைக் காப்பதற்காகத் தன்னுயிரை ஈடுவைப்பது ஒரு தொழிலாகவே உருப்பெற்றுள்ளது. ஹெலிகொப்டரிலிருந்து கொந்தளிக்கும் கடலில் இறங்கும் மீட்பு நீச்சல் வீரரின் பணியையே இங்கு குறிப்பிடுகின்றோம். அமெரிக்கக் கரையோரக் காவற்படையில் அப்பணி தோன்றியவாற்றை நோக்குவோம்.

1983 பெப்ரவரி 12 அதிகாலையில், வேர்ஜினியாக் கரைக்கு அப்பால், ‘மரைன் எலெக்ரிக்’ என்னும் நிலக்கரிக் கப்பல் புயலில் மூழ்கியது. அதிலிருந்த 34 பேரில் 31 பேர் மாண்டனர். காவற்படையின் ஹெலிகொப்டர் வந்து மீட்புக் கூடையை இறக்கியது. ஆயினும் உறைநிலையை அண்மிய நீரில் விறைத்துப்போன கைகளாற் பலர் அதனைப் பற்ற இயலவில்லை. நீரில் இறங்கி உதவுவதற்குக் காவற்படை ஹெலிகொப்டரில் எவரும் இருக்கவில்லை. பின்னர் வந்த கடற்படை ஹெலிகொப்டரின் நீச்சல் வீரர் ஜேம்ஸ் மக்கான், தமது உடல் தளரும்வரை அலைகளிடையே நீந்தித் தொழிலாளரைத் தேடினார். எனினும் மூவரே உயிர் தப்பினர்.

இயற்கையின் சீற்றம் மட்டுமே இவ்வழிவுக்குக் காரணமன்று. 1944 இல் எண்ணெய்க் கப்பலாகக் கட்டப்பட்ட இது, பின்னர் நீட்டித்து மாற்றியமைக்கப்பட்டு, 39 ஆண்டுகளின் பின்னரும் இலாபம் ஈட்டிக்கொண்டிருந்தது. அதன் சரக்கறை மூடிகள் துருவேறிச் சிதைந்திருந்தமை விசாரணையில் வெளிப்பட்டது. கப்பற் பரிசோதனை நிறுவனத்தின் மேற்பார்வை மட்டுமன்றி, காவற்படையின் பரிசோதனையும் குறைபாடுடையதென விசாரணைக் குழு கண்டது. கடலுக்குச் செல்ல அக்கப்பலை அனுமதித்த நிறுவனமே, அது மூழ்கியபின் தொழிலாளரை மீட்கவும் விரைந்தது என்னும் முரண்பாடு மனங்கொள்ளத்தக்கது.

இம்மரணங்களின் விளைவாக, மீட்பு நீச்சல் வீரர் திட்டத்தை அமைக்குமாறு 1984 இல் அமெரிக்கக் காங்கிரஸ் காவற்படையைப் பணித்தது. 1985 இல் வட கரோலினாவின் எலிசபெத் சிற்றி நிலையத்தில் அது செயற்படத் தொடங்கியது. குளிர்காக்கும் உடைகளும் குளிர்க்கடற் கப்பல்களிற் கட்டாயமாக்கப்பட்டன. வீரம் ஆணுக்கே உரியதென்ற மரபும் விரைவில் தகர்ந்தது. 1986 இல் காவற்படையின் முதலாவது பெண் நீச்சல் வீரராகத் தகுதி பெற்ற கெலி மொக், 1989 இல் ஒரேகன் கரைக்கு அப்பால், பரசூட்டிற் சிக்குண்ட விமானி ஒருவரை விடுவித்தார். விமானியை வைத்தியசாலைக்கு விரைந்து கொண்டுசெல்ல வேண்டியிருந்தமையால், அடுத்த ஹெலிகொப்டர் வரும்வரை அவர் கடலிலேயே தங்கினார்.

இத்தகையோரின் தியாகத்தைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. கயிற்றில் தொங்கி அலைகளுள் இறங்குவோர் உயரதிகாரிகளல்லர். சாதாரண படிநிலையினரான உழைப்பாளரே. மூழ்குவோரிற் பெரும்பாலாரும் உழைப்பாளரே. ஆயின் இவர்களைப் புகழ்ந்துரைப்பதோடு அமைதியடையும் வரலாறு, அத்தொழிலாளர் ஏன் கடலில் வீழ்ந்தனர் என்ற வினாவை மறைத்துவிடுகின்றது. பழுதுற்ற கப்பல்களை ஓட்ட அனுமதிக்கும் அமைப்பு நிலைக்கும்வரை, சிலரின் வீரம் வேறு சிலரின் பேராசைக்குச் செலுத்தப்படும் விலையாகவே அமையும். மீட்போரைப் போற்றும் கடமையும் அவ்வமைப்பை மாற்றும் கடமையும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதே நாம் வந்தடையும் முடிபாகும்.