வீட்டுக்கும் நாட்டுக்கும்

திருத்தூதர் பணிகள் நூலின் ஒன்பதாம் அதிகாரம் நம்மை யாப்பா நகரத்து வீடொன்றின் மேல்மாடிக்கு அழைத்துச் செல்கிறது. தபித்தா இறந்து கிடக்கிறார். கைம்பெண்கள் பேதுருவைச் சூழ்ந்து நின்று அழுகின்றனர். அவர் உயிரோடிருந்தபோது தங்களுக்குச் செய்து தந்த உடைகளை எடுத்துக் காட்டுகின்றனர். அந்நகரத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் துணையாய் வாழ்ந்ததற்கு அவ்வுடைகளே சான்று. ஊசியும் நூலும் ஏந்திய கைகளுக்குத் திருச்சபையின் முதற்பக்கங்களிலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆயினும் உலக வரலாறு சிற்றூர்ப் பெண்களின் கூட்டங்களை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. அத்தகைய கூட்டமொன்றின் கதையை இங்கே நினைவுகூர்வோம். கனடா நாட்டில், ஒரு குழந்தையின் இறப்பில் தொடங்கும் கதை அது.

ஒன்டாரியோ மாகாணத்தில் வாழ்ந்த அடிலெய்டு ஹூட்லெஸ் என்னும் அம்மையார், 1889-ஆம் ஆண்டில் தம் ஆண்குழந்தையை இழந்தார். கெட்டுப்போன பாலைக் குடித்ததே காரணம் என்று அவர் நம்பினார். பாலைத் தூய்மையாகக் காக்கும் முறையைத் தாம் அறிந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்ற எண்ணம் அவரை வாட்டியது. ஆனால் அத்துயரத்தில் அவர் முடங்கிவிடவில்லை. வீட்டு நலமும் உணவும் தூய்மையும் பெண்களுக்குக் கல்வியாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசத் தொடங்கினார்.

எர்லண்ட் லீ என்னும் உழவர் அவரது பேச்சைக் கேட்டு, தம் உழவர் சங்கத்தின் மகளிர் மாலைக்கு அழைத்தார். கால்நடைகளைப் பேணும் முறையைக் கற்க உழவர்கள் ஒன்றுகூடும்போது, பிள்ளைகளைப் பேணும் முறையைக் கற்க அன்னையர் ஏன் கூடலாகாது? இதுவே அம்மையாரின் வாதம். ஒரு வாரம் கழித்து, 1897 பிப்ரவரி 19 அன்று, ஸ்டோனி கிரீக் என்ற சிற்றூரில் 101 பெண்கள் திரண்டனர். அந்த அவையில் இருந்த ஒரே ஆண் எர்லண்ட் லீ. உலகின் முதல் 'மகளிர் நிலையம்' அன்று பிறந்தது. அதன் சட்டதிட்டங்கள் லீ குடும்பத்தாரின் உணவு மேசையில் எழுதப்பட்டன. 'வீட்டுக்கும் நாட்டுக்கும்' என்பது அதன் விருதுவாக்காயிற்று. ஹூட்லெஸ் அம்மையார் 1910-இல் டொராண்டோ நகரில், மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே உயிர் நீத்தார்.

முதல் உலகப்போர் மூண்டு, உணவுத் தட்டுப்பாடு அச்சுறுத்திய காலத்தில், கனடாவிலிருந்து வந்த மேட்ஜ் வாட் என்ற கைம்பெண் இம்முறையைப் பிரிட்டனுக்குக் கொணர்ந்தார். வேல்ஸ் பகுதியின் ஆங்கிள்சி தீவிலுள்ள லான்வயர்புல் என்ற சிற்றூரில், 1915 செப்டம்பரில் அந்நாட்டின் முதல் நிலையம் கூடியது. அக்கூட்டங்கள் நடந்த முறை நம் கவனத்திற்கு உரியது. மாதம் ஒருமுறை கூடுவர். முந்தைய கூட்டத்தின் குறிப்பு வாசிக்கப்படும், கணக்கு ஒப்படைக்கப்படும். பின்னர் காய்கனிகளைப் பதப்படுத்தல், கோழி வளர்ப்பு, நோயாளியைப் பேணல் போன்ற ஏதேனும் ஒன்று செய்து காட்டப்படும். சிறந்த பழப்பாகுக்கோ தையலுக்கோ போட்டி வைப்பர். அதன்பின் தேநீர், அதையடுத்துப் பாட்டும் விளையாட்டும். வேலை ஓயாத வீட்டிலிருந்து மாதத்தில் ஒரு மாலைப்பொழுதேனும் வெளியே வந்து, வாய்விட்டுச் சிரிக்கும் உரிமை எத்தனை பெரிய கொடை என்பதை நம் தாய்மார் அறிவர்.

பண்ணையார் மனைவியும் அவர் வீட்டுப் பணிப்பெண்ணும் அங்கே ஒரே சந்தா செலுத்தினர். இருவருக்கும் ஒரே ஓட்டு. கட்சி வேறுபாட்டுக்கும் சபை வேறுபாட்டுக்கும் அங்கு இடமில்லை என்பது விதி. எல்லாம் நிறைவாக இருந்தன என்று சொல்வதற்கில்லை. பல ஊர்களில் தலைவர் நாற்காலி பெரிய வீட்டாரையே தேடிச் சென்றது. ஆயினும் எழுந்து நின்று ஒரு கருத்தைச் சொல்லவும், தீர்மானத்தை முன்மொழியவும், கணக்குக் கேட்கவும் எளிய பெண்கள் அங்கே பழகினர். நாட்டளவில் இந்நிலையங்களை ஒருங்கிணைத்த கூட்டமைப்புக்கு 1917 முதல் 1946 வரை டென்மன் சீமாட்டி தலைமை ஏற்று இப்பயிற்சியை வளர்த்தார்.

பயிற்சி பலன் தந்தது. 1940 முதல் 1945 வரையிலான போர் ஆண்டுகளில் இப்பெண்கள் 5,300 டன்னுக்கும் மேற்பட்ட பழங்கள் வீணாகாமல் பதப்படுத்தினர். அதே கைகள் 1943-இல் சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டும் என்ற தீர்மானத்திற்காகவும் உயர்ந்தன. பழப்பாகு கிண்டிய கரண்டிக்கும் தீர்மானத்திற்கு உயர்ந்த கைக்கும் பகையில்லை. முன்னது கூட்டி வைத்தது. பின்னது அக்கூட்டத்தில் விளைந்தது.

இக்கதைக்குத் தமிழரோடும் உறவு உண்டு. ஒன்டாரியோவில் 1873-இல் பிறந்த மேரி என்ற மருத்துவர், இரத்தினம் என்னும் இலங்கைத் தமிழரை மணந்து 1896-இல் அத்தீவுக்கு வந்தார். கொழும்பில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவம் செய்தார். மருந்து மட்டும் போதாது, சிற்றூர்ப் பெண்கள் தாமே கூடிக் கற்க வேண்டும் என்று உணர்ந்து, தம் தாய்நாட்டு மகளிர் நிலையங்களை முன்மாதிரியாகக் கொண்டு 1930-இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார். உடல்நலம், சத்துணவு, கைத்தொழில் ஆகியவை கிராமங்களில் கற்பிக்கப்பட்டன. 1937-இல் கொழும்பு மாநகர சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணியும் இவரே. 1958-இல் மகசேசே விருது பெற்ற இவர் 1962-இல் காலமானார்.

இனி நம் பங்குகளை எண்ணிப் பார்ப்போம். திருவிழா வந்தால் கோயிலைக் கழுவவும், பூத்தொடுக்கவும், அசனம் சமைக்கவும் மாதர் சங்கத்தை அழைக்கிறோம். அவர்களும் மகிழ்வோடு வருகின்றனர். கூட்டம் என்றால் முடிவை நாமே எடுத்துவந்து அறிவிக்கிறோம், அவர்கள் தலையசைக்கின்றனர். அத்தலையசைப்பை ஒற்றுமை என்று எண்ணி, குருக்களாகிய நாம் நிறைவடைந்ததுண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய ஏட்டில் (1965), திருச்சபைப் பணியின் பல்வேறு துறைகளில் பெண்கள் இன்னும் பரந்த அளவில் பங்கேற்பது மிக முக்கியம் என்று வலியுறுத்தியது. அந்த ஏடு நம் பங்கு மன்ற மேசைவரை வந்து சேர்ந்ததா என்பது நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

பெரிய திட்டம் ஏதும் தேவையில்லை. மாதத்தில் ஒரு மாலை, ஒரு குறிப்பேடு, ஒரு கணக்கேடு, ஒரு குவளைத் தேநீர் போதும். ஊர்க் கிணற்று நீரைப் பற்றியோ, குடியால் சிதையும் குடும்பத்தைப் பற்றியோ ஒரு தாய் எழுந்து பேசுகையில், பங்குத்தந்தையும் ஓர் ஓரமாய் அமர்ந்து கேட்கட்டும். ஸ்டோனி கிரீக்கில் 101 பெண்கள் நடுவே ஓர் ஆண் அப்படித்தானே அமர்ந்திருந்தார்!

தபித்தாவின் உடைகளைக் காட்டிய கைம்பெண்களை வாய் மூடச் சொல்லாமல், பேதுரு முதலில் அவர்கள் காட்டியதைப் பார்த்தார். பிறகே முழந்தாளிட்டு இறைவனிடம் வேண்டினார். உயிர் மீண்டது அதற்குப் பின்னர்தான்.