மண்ணுள் கிடக்கும் தேர்தல் வில்லைகள்: போடிநாயக்கனூரை முன்வைத்துச் சில குறிப்புகள்

போடிநாயக்கனூர் என்றதும் ஏலக்காய் நினைவுக்கு வருவது இயல்பு. நாணயவியல் பயில்வோருக்கு அவ்வூர்ப் பெயர் வேறொன்றையும் நினைவூட்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளி முத்திரைக் காசுகள் அடங்கிய குவியல் ஒன்று இப்பகுதியில் கிடைத்தது. காசின் முன்புறம் பல முத்திரைகள். பின்புறம் மீனை ஒத்த ஒரு குறி. அக்குறியைக் கொண்டே இவை முற்காலப் பாண்டியர் வெளியிட்டவை என அறிஞர்கள் கருதுகின்றனர். காசில் அரசன் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, எழுத்தே இல்லை. சின்னம் ஒன்றே சான்றாக நின்று ஓர் அரசமரபை அடையாளம் காட்டுகிறது.

அதே மண்ணில், அதே முறையில் படிக்கத்தக்க இன்னொரு வகைச் சின்னங்களும் புதைந்து கிடக்கின்றன. வெள்ளியிலன்று, தகரத்திலும் அலுமினியத்திலும் அச்சிட்டு, கட்சித் தொண்டர்கள் சட்டைப்பையின் மேல் குத்திக்கொண்ட வில்லைகள் அவை. பேச்சு வழக்கில் 'பேட்ஜ்' என்போம்.

வளைகுடா நாடொன்றிலிருந்து திரும்பிய என் பழைய மாணவர் ஒருவர் உலோகம் கண்டறியும் கருவி ஒன்றை உடன் கொண்டுவந்திருந்தார். நம் நாட்டு மக்கள் மெட்டல் டிடெக்டரைத் தலைவர்களின் கூட்டத்தில் நுழையும் வாயிலாகத்தான் அறிவர். அதைக் கையில் ஏந்தி வயலில் உலவுவோர் இங்கு அரிது. மலையடிவாரத்தில் தம் குடும்பத்துக்குரிய பட்டா நிலத்தில் மூன்று நாள் அவர் தேடியதில் கிடைத்தவை: குடைக்கம்பிகள், லாட ஆணிகள், அறுந்த கம்பிவடத்தின் துண்டு, தேய்ந்த காலணாக்கள், துருவேறிய தகர வில்லை ஒன்று. கம்பிவடத் துண்டைக் கண்டதும் எனக்கு ஆர்வம் மிகுந்தது. மூணாற்றுத் தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு இறக்கிய கம்பிவடப் பாதை ஒன்று முன்னர் இருந்த செய்தி இப்பகுதியினர் அறிந்ததே. ஆயினும் எந்தத் தோட்டத்திலும் கம்பிவடம் இருக்கக்கூடும் என்பதால் அதை அவ்வளவில் விட்டுவிட்டேன். என்னை நிறுத்தியது வில்லைதான். வண்ணம் முழுதும் உதிர்ந்திருந்தது. ஆனால் அழுத்தி அச்சிட்ட கோடுகளில் கொண்டையும் வாலும் தெளிவாக நின்றன. அது சேவல்.

சேவல் என்று அறிந்தவுடன் அவ்வில்லையின் காலத்தைச் சில வாரங்களுக்குள் அடக்கிவிடலாம். 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தபின் அ.இ.அ.தி.மு.க. இரண்டாகப் பிரிந்தது. இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட்டது. 1989 ஜனவரி 21 அன்று நடந்த சட்டமன்றத் தேர்தலில் ஜெயலலிதா அணிக்குச் சேவலும் ஜானகி அணிக்கு இரட்டைப் புறாவும் வழங்கப்பட்டன. ஜெயலலிதா போட்டியிட்டு வென்ற தொகுதி போடிநாயக்கனூரே. ஜானகி அணியின் சார்பில் அவரை எதிர்த்து நின்றவர் நடிகை வெண்ணிற ஆடை நிர்மலா. அண்டைத் தொகுதியான ஆண்டிபட்டியில் ஜானகி தோற்றார். ஓரிரு மாதங்களுக்குள் அணிகள் இணைந்தன. அவ்வாண்டு மார்ச்சில் மருங்காபுரி, மதுரை கிழக்கு இடைத்தேர்தல்களில் இரட்டை இலை மீண்டும் வந்துவிட்டது. எனவே அவ்வணியின் சேவல் வில்லை ஒரே ஒரு பொதுத்தேர்தலுக்குரியது. சில திங்களே ஆண்ட மன்னன் வெளியிட்ட காசுக்கு நாணயவியலார் எத்தகைய மதிப்பளிப்பரோ, அத்தகைய மதிப்பு இதற்கும் உண்டு.

வியப்பான செய்தி என்னவெனில், இதே தொகுதி மீண்டும் ஒருமுறை அவ்வாறான சின்னத்தோடு தொடர்புற்றதுதான். 2017 மார்ச்சில் இரட்டை இலை இரண்டாம் முறை முடக்கப்பட்டபோது, அப்போதைய போடி சட்டமன்ற உறுப்பினர் ஓ. பன்னீர்செல்வத்தின் அணிக்கு இரட்டை மின்விளக்குக் கம்பமும் எதிரணிக்குத் தொப்பியும் ஒதுக்கப்பட்டன. அவை சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்காக வழங்கப்பட்டவை. அத்தேர்தலே ஏப்ரலில் ரத்தாயிற்று. வாக்கு ஒன்றும் பதிவாகாத தேர்தலின் சின்னத்துக்குப் பொருட்சான்று எங்கேனும் எஞ்சுமாயின், அது பிரசாரத்துக்காகச் செய்த சிறு பொருள்களில்தான் எஞ்சும்.

சின்னத்தால் காலம் கணிப்பது இவ்விரண்டோடு முடிவதன்று. இரட்டை இலை 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் முதன்முதல் வந்தது. இலை பொறித்த கட்சி வில்லை அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. நுகத்தடி பூட்டிய காளைகள் காங்கிரசுக்குரியவை. கட்சி பிளந்தபின் 1971 தேர்தலில் ஒரு பிரிவு பசுவும் கன்றும், மறு பிரிவு இராட்டை நூற்கும் பெண் எனப் போயின. போடி மெட்டுக்கு அப்பால் கேரளத்துத் தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்பில் ஏறிச்சென்று திரும்பும் தொழிலாளர்களின் சட்டையில் இரு மாநிலக் கட்சிகளின் சின்னங்களும் இருந்திருக்கும். எந்தத் தோட்டத்தில் எது கிடைக்கிறது எனக் குறித்துவைத்தால், 1956இல் மாநில எல்லை வகுத்தபின் மலையின் இருபுறமும் அரசியல் எவ்வாறு ஏறியிறங்கியது என்பதற்கு எழுத்தில் இல்லாத சான்று கிட்டும்.

மதுரை சுல்தான்களின் வரலாற்றில் இதற்கோர் ஒப்புமை காணலாம். அவர்கள் ஆண்டது அரை நூற்றாண்டுக்கும் குறைவு. இப்னு பதூதாவின் பயணநூல் அவர்களுள் சிலரைப் பற்றி விரிவாகவே பேசுகிறது. ஆயினும் ஆட்சி வரிசையையும் ஹிஜ்ரி ஆண்டுகளையும் நிலைநாட்டப் பெரிதும் துணைநின்றவை அவர்களின் சிறு காசுகளே. இறுதி சுல்தான் சிக்கந்தர் ஷாவின் காசில் ஹிஜ்ரி 779 காணப்படுகிறது. உலோகமாக நிறுத்தால் அற்ப விலை. பொறித்த எழுத்தைப் படித்தால் ஓர் ஆட்சியின் முடிவு.

பொறிப்பைப் படித்துப் பொருளின் நிலையைத் தீர்மானிக்கும் இம்முறை நம் ஃபிக்ஹு நூல்களுக்குப் புதியதன்று. மண்ணில் கிடைத்த புதையலில் அறியாமைக் காலத்து அடையாளம், அதாவது அக்கால அரசர் பெயரோ சிலை உருவமோ, இருந்தால் அது 'ரிகாஸ்'. ஐந்திலொரு பங்கு கடமையாகும். இஸ்லாமிய ஆட்சியின் அடையாளம் இருந்தால் அது 'லுகதா', கண்டெடுத்த பிறர் பொருள். அறிவிப்புச் செய்து உரியவரைத் தேடவேண்டும். அடையாளம் தெளிவற்ற பொருள் பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாணயவியல் என்றொரு துறை தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, காசின் மேலுள்ள குறியால் அதன் காலத்தைப் பகுத்தவர்கள் ஃபுகஹாக்கள். லுகதா பற்றிய நபிமொழியோ பொருளோடு நில்லாமல், அது இருந்த பையையும் கட்டிய கயிற்றையும் அறிந்துவைத்து ஓராண்டு அறிவிக்கும்படி பணிக்கிறது. உரியவரை இனங்காண்பதே அதன் நோக்கம் எனினும், கிடைத்த பொருளை அதன் சூழலோடு சேர்த்து அறிக என்னும் இன்றைய தொல்லியல் விதிக்கு இது எத்துணை நெருங்கியது!

இந்தியப் புதையல் சட்டம் 1878இல் இயற்றப்பட்டது. மண்ணில் மறைந்துள்ள மதிப்புடைய எப்பொருளும் புதையல். மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்திலொரு பங்கும் கூட்டித் தரும். நம்மிடம் ஐந்திலொன்று கொடுப்பது. அங்கு ஐந்திலொன்று கூடப் பெறுவது! ஆனால் இச்சட்டம் கணக்கிடுவது பொருளின் மூலப்பண்ட மதிப்பை. தகரத்துக்கு என்ன மதிப்பு? 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமோ பொதுவாக நூறாண்டு கடந்தவற்றையே தொல்பொருள் என்கிறது. சேவல் வில்லை அத்தகுதியைப் பெற 2089 வரை காத்திருக்க வேண்டும். போடி மலைச்சரிவின் மழையில் மெல்லிய தகரம் அதுவரை நில்லாது. ஃபிக்ஹிலும் அற்பப் பொருளுக்கு அறிவிப்பு விதி தளர்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. ஆகவே, இவ்வகைப் பொருளைக் காக்கும் பொறுப்பு சட்டத்திடமன்று, கண்டெடுத்தவர் கையிலேயே இருக்கிறது.

காலம் எவ்வளவு விரைவாகக் கடந்துவிடும் என்பதற்குக் கிலாபத் இயக்கம் ஓர் எடுத்துக்காட்டு. அலீ சகோதரர்கள் தொப்பியில் அணிந்த பிறைச்சின்னத்தைப் புகைப்படங்களில் காண்கிறோம். கிலாபத் நிதிக்கு ரூபாய்த்தாளைப் போன்றே அச்சிட்ட ரசீதுகள் சேகரிப்பாளர்களிடம் உள்ளன. 1920இல் மௌலானா ஷௌகத் அலீயும் காந்தியடிகளும் தமிழகத்தில் ஒன்றாகச் சுற்றுப்பயணம் செய்தனர். அந்நாளைய வில்லை ஒன்று இன்று கிடைக்குமாயின் அது நூறாண்டைக் கடந்துவிட்டது. நம் வீடுகளின் பழைய தகரப் பெட்டிகளில் பாட்டனாரின் தஸ்பீஹ் மணியோடு கிடக்கும் பித்தளைத் துண்டை எடைக்குப் போடும்முன் ஒருமுறை வெளிச்சத்தில் பார்ப்பது நலம்.

அமெரிக்காவில் 1789இல் வாஷிங்டன் பதவியேற்றபோது மக்கள் உடையில் தைத்துக்கொண்ட பித்தளைப் பொத்தான்களை இன்றும் வயல்களில் கருவிகொண்டு கண்டெடுக்கின்றனர். 1896 தேர்தலில் ஊசி பொருத்திய செல்லுலாய்டு வில்லைகள் பெருவாரியாகப் பரவின. பிரிட்டனில் 1997 முதல், பொழுதுபோக்காகத் தேடுவோர் கண்டெடுத்த சிறு பொருள்களை இடக்குறிப்போடு பதிந்துகொள்ளும் திட்டம் இயங்குகிறது. இங்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களிலும் காப்புக்காடுகளிலும் அனுமதியின்றித் தோண்டுதல் குற்றம் என்பதையும், பிறர் நிலத்தில் உரியவர் இசைவின்றிக் கால்வைத்தல் ஆகாது என்பதையும் மாணவரிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன்.

கிடைத்த வில்லையை அவர் புளியிட்டுத் தேய்க்க முற்பட்டார், தடுத்தேன். புளி பித்தளைக் குடத்தை மின்னச் செய்யும். துருவோடு ஒட்டிநிற்கும் வண்ணத்தையும் எழுத்தையும் அழித்துவிடும். மெல்லிய தூரிகையால் மண்ணை மட்டும் தட்டி, நிழலில் உலரவைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய டப்பாவில் இடச் சொன்னேன். நெகிழிப் பைகளில் சில அமிலத்தை வெளியிடும். காகித உறையே மேல். இவற்றினும் முதன்மையானது உறையின் மேல் எழுதும் குறிப்பு. நாள், நிலத்தின் சர்வே எண், எந்த மரத்துக்கு எத்திசையில் எத்தனை அடி, எவ்வளவு ஆழம், அருகில் வேறென்ன கிடைத்தது ஆகிய அனைத்தையும் பென்சிலால் எழுதுவித்தேன். மை ஈரத்தில் பரவும். ஆழம் ஆறு அங்குலம். அருகில் ஒரு குடைக்கம்பியும் 1985ஆம் ஆண்டு பொறித்த இருபத்தைந்து காசு ஒன்றும் கிடந்தன. அவற்றையும் தனித்தனி உறையிலிட்டு அதே டப்பாவில் வைத்தோம்.